யானை வருவதை ஏஐ கேமரா சொல்லிவிடும்... மேட்டுப்பாளையம் தோட்டத்துக்காரருக்கு யார் சொல்வது?

கோவை மாவட்டம் மதுக்கரையில் தண்டவாளத்தை நோக்கி யானை வந்தால், ஒரு கேமரா அதைத் தானாகவே கண்டுபிடித்து, ரயில் டிரைவருக்குத் தகவல் போகும்படி செய்கிறது. 2024 பிப்ரவரியில் தமிழக வனத்துறை இதை முறைப்படி தொடங்கி வைத்தது. அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் ரயில் மோதி யானை இறக்கவில்லை என்று வனத்துறை சொல்கிறது.

அதே மாவட்டத்தின் இன்னொரு முனையில் இருக்கிறது மேட்டுப்பாளையம். இங்கே பிரச்சனை ரயில் இல்லை. வாழைத்தோட்டத்துக்குத் தண்ணி கட்டப் போகிறவர், ராத்திரி சாளையில் காவலுக்குப் படுப்பவர், ஷிப்ட் முடிந்து சிறுமுகை ரோட்டில் டூவீலரில் வருபவர், இவர்களுக்கு முன்னால் யானை வந்து நின்றால் என்ன செய்வது என்பதுதான் பிரச்சனை. ரயிலைக் காப்பாற்றிய கண்டுபிடிப்பு இவர்களுக்கும் உதவுமா? அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும்.

மதுக்கரையில் என்ன நடந்தது?

கோவையிலிருந்து பாலக்காடு போகும் ரயில் பாதை, எட்டிமடைக்கும் வாளையாறுக்கும் நடுவில் காட்டுக்குள் போகிறது. இங்கே ஏ, பி என்று இரண்டு பாதைகள் தனித்தனியாகப் பிரிந்து போகும். மலையடிவாரத்தில் மேயும் யானைகள் தண்ணீருக்கும் தீவனத்துக்கும் இரண்டையும் தாண்டியாக வேண்டும். அவற்றின் நடமாட்டம் பெரும்பாலும் ராத்திரியில்தான்.

2021 நவம்பர் 26-ம் தேதி இரவு, நவக்கரை அருகே மங்களூரு-சென்னை எக்ஸ்பிரஸ் மோதி மூன்று யானைகள் இறந்தன. அந்தப் படங்களைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு முன்பு 2008-லும் இதே பகுதியில் ரயில் மோதி மூன்று யானைகள் இறந்திருக்கின்றன. 2008 முதல் மதுக்கரை பகுதியில் ரயில் மோதி இறந்தவை மொத்தம் 11 யானைகள் என்பது வனத்துறையின் கணக்கு. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ரயில்களின் வேகத்தைக் குறைத்தார்கள், தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் புதரை வெட்டினார்கள், ராத்திரி ரோந்துக்கு ஆள் போட்டார்கள். ஆனால் ஏழு கிலோமீட்டர் இருட்டை டார்ச் லைட்டோடு எத்தனை பேர் பார்த்துக்கொண்டே இருக்க முடியும்?

அங்கேதான் கேமரா வந்தது. 7 கோடியே 24 லட்சம் ரூபாய் செலவில் 12 கோபுரங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வகை கேமரா. ஒன்று சாதாரண கேமரா, இன்னொன்று தெர்மல் கேமரா.

கும்மிருட்டில் யானை எப்படித் தெரிகிறது?

விஷயமே தெர்மல் கேமராவில்தான் இருக்கிறது. நம்ம செல்போன் கேமரா வெளிச்சத்தைப் பிடிக்கிறது, தெர்மல் கேமரா வெப்பத்தைப் பிடிக்கிறது. உடம்பில் சூடு இருக்கிற எதுவும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். ராத்திரி மண்ணும் செடியும் குளிர்ந்துபோன பிறகு, அந்தப் பின்னணியில் யானையின் உடம்பு மட்டும் பளிச்சென்று தனியாகத் தெரியும். லைட் போடத் தேவையில்லை, நிலா வெளிச்சமும் வேண்டாம்.

மத்தியானத்தில் கதை வேறு. வெயிலில் பாறையும் மண்ணும் சூடேறிவிட்டால் யானைக்கும் பின்னணிக்கும் வெப்ப வித்தியாசம் குறைந்துவிடும். அதனால்தான் பக்கத்திலேயே சாதாரண கேமராவும் இருக்கிறது.

கேமரா பார்த்தால் மட்டும் போதுமா? அந்தப் படத்தில் இருப்பது யானையா, மாடா, மனிதனா என்று யாராவது சொல்ல வேண்டுமே. அந்த வேலையைத்தான் ஏஐ செய்கிறது. ஆயிரக்கணக்கான யானைப் படங்களைக் காட்டி, ‘இது யானை’ என்று ஒரு மென்பொருளுக்குப் பழக்கிவிடுகிறார்கள். பிறகு கேமராவில் வரும் ஒவ்வொரு காட்சியையும் அது அலசிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் படம் காட்டிச் சொல்லித் தருகிற மாதிரிதான். ஆனால் இந்தப் பிள்ளை தூங்காது.

யானை தண்டவாளத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை மாறும். தகவல் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். அங்கிருந்து வனத்துறை ஊழியர்களுக்கும் ரயில்வே ஆட்களுக்கும், கடைசியில் டிரைவருக்கும் போகும்.

இதில் எல்லாமே நிமிடக் கணக்குதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் தாண்டிவிடும். பிரேக் பிடித்தாலும் அந்த எடை உடனே நிற்காது, பல நூறு மீட்டர் இழுத்துக்கொண்டு போய்த்தான் நிற்கும். வளைவில் வருகிற டிரைவருக்கு யானை கண்ணில் படும்போது நேரம் கடந்திருக்கும். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவர் கண்ணுக்குத் தெரிவதற்கு சில நிமிடம் முன்னாலேயே அவர் காதுக்குத் தகவல் போய்ச் சேர்வதுதான் இந்த ஏற்பாட்டின் முழு மதிப்பு.

மதுக்கரையில் இன்னொரு வேலையும் நடந்தது. அது செய்தியில் கொஞ்சம் அமுங்கிப்போனது. தண்டவாளத்துக்குக் கீழே யானைகள் நடந்து போவதற்காக ரயில்வே இரண்டு சுரங்கப்பாதைகள் கட்டியது. யானைகள் அதைப் பயன்படுத்தவும் தொடங்கின. ஆகவே உயிர் பிழைத்த யானைகளுக்கான பெருமை முழுவதையும் ஏஐ-க்கே கொடுத்துவிட முடியாது. கான்கிரீட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள்?

அசாம் உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களில் ரயில்வே வேறு வழியில் போகிறது. ‘கஜராஜ்’ என்று பெயர். தண்டவாளத்தை ஒட்டி ஏற்கெனவே தகவல் தொடர்புக்காகப் புதைத்திருக்கும் ஃபைபர் கேபிளையே காது மாதிரி பயன்படுத்துகிறார்கள். யானை காலடி வைத்தால் மண் அதிரும். அந்த அதிர்வு கேபிளுக்குள் ஓடும் ஒளியில் சின்ன மாற்றத்தை உண்டாக்கும். அதை வைத்து எந்த இடத்தில் யானை நடக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். கோபுரமும் வேண்டாம், மரம் மறைக்கும் பிரச்சனையும் இல்லை.

அதே ரயில்வே அதற்கும் முன்னால் தேனீக்கள் ரீங்கரிக்கும் சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டு யானைகளை விலக்கிப் பார்த்தது. யானைக்குத் தேனீ என்றால் பயம். இதை நம்ம ஊர்ப் பழங்குடி மக்களிடம் கேட்டாலே சொல்லியிருப்பார்கள்.

இலங்கையில் நிலைமை மோசம். 2025 பிப்ரவரியில் ஹபரணை அருகே ரயில் மோதி ஒரே நேரத்தில் ஆறு யானைகள் இறந்தன. ரயிலும் தடம் புரண்டது.

மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏன் பிரச்சனை இல்லை?

மேட்டுப்பாளையத்திலும் காட்டுக்குள் போகிற ரயில் உண்டு, உலகம் முழுக்கத் தெரிந்த ரயில். 1899-ல் குன்னூர் வரை ஓடத் தொடங்கி, 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்த நீலகிரி மலை ரயில். கல்லாறைத் தாண்டியதும் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறும். அந்த வேகத்துக்கு சைக்கிளில் போகிறவரே போட்டி போடலாம். பகலில் மட்டும்தான் ஓடும். யானை குறுக்கே வந்தால் ரயில் நிற்கும், பயணிகள் வீடியோ எடுப்பார்கள், யானை போன பிறகு ரயில் கிளம்பும்.

ஆனால் இதே பாதையில் ஹில்குரோவ் ஸ்டேஷன் பக்கத்தில் 2022-ல் ஒரு சுவர் பிரச்சனையானது. தண்டவாளம் ஓரமாக ரயில்வே கட்டிய சுவரில் வழி தெரியாமல் யானைக் கூட்டம் தவித்த வீடியோ வெளியானது. வனத்துறை தலையிட்ட பிறகு ரயில்வே அந்தச் சுவரை இடித்தது. ஏஐ வேண்டியிருக்கவில்லை, கடப்பாரையே போதுமானதாக இருந்தது.

நீலகிரி மலைச்சரிவுக் காட்டையும் சத்தியமங்கலம் பக்கத்துக் காட்டையும் இணைக்கிற வழித்தடம் கல்லாறு பக்கம்தான் இருக்கிறது. ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பவானி ஆறு, நடுவில் ஊட்டி ரோடு, பாக்குத் தோப்பு, வாழை, ரிசார்ட். நூறு வருஷத்துக்கும் மேல் பழைய கல்லாறு அரசு பழப்பண்ணை கூட யானை வழித்தடத்தில் இருப்பதாக நீதிமன்றம் வரை போனது. பவானி ஆற்றங்கரையில் தேக்கம்பட்டியில் கோயில் யானைகளுக்குப் புத்துணர்வு முகாம் நடந்த வருஷங்களில், காட்டு யானைகள் உள்ளே வந்துவிடாமல் இருக்க தனியாகக் காவல் போட வேண்டியிருந்தது. எதிரில் காடு, ஆற்றில் தண்ணீர், முகாமில் கரும்பு. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பாகுபலியை யாருக்குத் தெரியாது?

மேட்டுப்பாளையம் பக்கத்தில் ‘பாகுபலி’ என்று சொன்னால் சினிமாவை நினைக்கிறவர்கள் குறைவு. பெரிய உடம்பும் நீண்ட தந்தமும் கொண்ட ஒற்றை ஆண் யானை அது. ரோட்டைத் தாண்டும், தோட்டத்துக்குள் போகும், திரும்பிக் காட்டுக்குப் போகும். 2021-ல் அதற்கு ரேடியோ காலர் மாட்ட வனத்துறை கும்கி யானைகளை வரவழைத்தது. நாள்கணக்கில் பின்தொடர்ந்தும் கைகூடவில்லை, முயற்சியைக் கைவிட்டார்கள். 2023-ல் அதன் வாயில் காயம் தெரிந்தபோது, அவுட்டுக்காயைக் கடித்துவிட்டதோ என்று ஊரே பதறியது. கண்காணித்துப் பார்த்த வனத்துறை, அவுட்டுக்காய் இல்லை என்றது.

அவுட்டுக்காய் என்பது தீனிக்குள் வைக்கிற நாட்டு வெடி. காட்டுப்பன்றிக்கு என்று வைப்பார்கள், யார் கடிப்பார்கள் என்பது வைத்தவருக்கே தெரியாது. 2020-ல் கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் கர்ப்பமாக இருந்த யானை ஒன்று வெடி வைத்த தீனியைக் கடித்து, ஆற்றில் நின்றபடியே செத்தது நாடு முழுக்கப் பேசப்பட்டது.

காலர் மாட்டினால் பிரச்சனை தீருமா?

ரேடியோ காலர் என்பது யானையின் கழுத்தில் மாட்டும் பெல்ட். உள்ளே ஜிபிஎஸ் இருக்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை யானை எங்கே இருக்கிறது என்று சொல்லும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாட்டுவதற்கு யானைக்கு மயக்க ஊசி போட வேண்டும், கும்கி வேண்டும், டாக்டர் குழு வேண்டும். தமிழ்நாட்டில் 2025 கணக்கெடுப்பின்படி 3,170 யானைகள். எத்தனைக்கு மாட்டுவது?

2023 பிப்ரவரியில் கோவை மக்கள் இதை நேரிலேயே பார்த்தார்கள். தர்மபுரியில் பிடித்து, காலர் மாட்டி, டாப்சிலிப் காட்டில் விட்ட ஒரு மக்னா யானை (தந்தம் இல்லாத ஆண் யானை) அங்கே தங்கவில்லை. பொள்ளாச்சி வழியாக நடந்து, மதுக்கரையைத் தாண்டி, கோவை நகருக்குள்ளேயே வந்துவிட்டது. கடைசியில் பேரூர் பக்கத்தில் மறுபடி பிடித்தார்கள். அது எங்கே இருக்கிறது என்பது வனத்துறைக்குத் தெரியும். வீதியில் காய்கறி வாங்க வந்தவருக்குத்தான் தெரியாது.

வால்பாறை சொல்லித்தரும் பாடம்

இந்த இடைவெளியை ஏறக்குறைய இருபது வருஷத்துக்கு முன்னாலேயே ஒரு ஊர் நிரப்பியது. அதுவும் இதே கோவை மாவட்டத்தில். வால்பாறை.

தேயிலைத் தோட்டமும் காட்டுத் துண்டுகளும் கலந்து கிடக்கிற ஊர். யானைகள் தினமும் தோட்டத்துக்குள் வந்து போகும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைச் சேர்ந்த ஆய்வாளர் ஆனந்தகுமாரும் அவருடைய குழுவும், அங்கே யானையால் இறந்தவர்கள் எந்தச் சூழலில் இறந்தார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். யானை தேடி வந்து தாக்கியதை விட, யானை அங்கே நிற்பது தெரியாமல் மனிதர்கள் போய் மாட்டிக்கொண்டதுதான் அதிகம். வேலை முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கி, இருட்டில் லயத்துக்கு நடந்து போகிறவர்தான் அதிகம் மாட்டினார்.

அப்படியானால் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால்?

முதலில் உள்ளூர் கேபிள் டிவியைப் பிடித்தார்கள். சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே ஒரு வரி ஓடும், இந்த எஸ்டேட் பக்கம் யானை நிற்கிறது என்று. பிரேக்கிங் நியூஸ் எழுத்துப் பட்டைக்கு இதைவிட உருப்படியான வேலை கிடைத்ததாகத் தெரியவில்லை. அப்புறம் எஸ்எம்எஸ். யானை நிற்கும் இடத்தைச் சுற்றி வசிக்கும், எண்ணைப் பதிவு செய்தவர்களுக்குச் சாயங்காலமே செய்தி போகும். படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பு.

மூன்றாவதுதான் அருமையான யோசனை. கண்ணில் படுகிற உயரமான இடங்களில் சிவப்பு எல்இடி விளக்குகள் வைத்தார்கள். உள்ளே ஒரு சிம் கார்டு. யானையைப் பார்த்தவர், அனுமதி பெற்ற செல்போனிலிருந்து அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் விளக்கு எரியும். பஸ்ஸில் வருகிறவர் தூரத்திலேயே சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, தனியாக நடக்காமல் நாலு பேரோடு போவார், அல்லது வேறு பாதையில் போவார். ஸ்மார்ட்போன் தேவையில்லை, இன்டர்நெட் தேவையில்லை, ஒரு பைசா செலவும் இல்லை. விளக்கை எரிய வைப்பவர் அதே ஊர்க்காரர் என்பதால் நம்பிக்கையும் இருந்தது. வால்பாறையில் யானையால் ஏற்படும் உயிரிழப்பு குறைந்தது. 2015-ல் ஆனந்தகுமாருக்கு இங்கிலாந்தின் விட்லி விருது கிடைத்தது.

மதுக்கரைக் கேமராவோடு இதை வைத்துப் பாருங்கள். மதுக்கரையில் கண்டுபிடிப்பதில் புதுமை, வால்பாறையில் சொல்வதில் புதுமை. மதுக்கரையில் தகவல் போய்ச் சேர வேண்டியது விரல்விட்டு எண்ணக்கூடிய டிரைவர்களுக்கும் ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கும். மேட்டுப்பாளையத்தில் அது ஒவ்வொரு சாளைக்கும் போய்ச் சேர வேண்டும்.

தகவல் வராவிட்டால் என்ன ஆகிறது?

தோட்டத்துக்காரர் வேலி போடுகிறார். ஒரு ராத்திரியில் ஒரு வருஷ வாழை போய்விடும் என்றால் யாருக்கும் அந்த எண்ணம் வரும். சோலார் வேலி என்றால் பிரச்சனை பெரிதில்லை. அதில் மின்சாரம் தொடர்ந்து ஓடாது, விநாடிக்கு ஒருமுறை சுருக்கென்று ஒரு துடிப்பு வரும், அவ்வளவுதான். யானைக்கு வலிக்கும், விலகிப் போகும், சாகாது. ஆனால் சிலர் செலவை மிச்சம் பிடிக்க மோட்டார் கனெக்‌ஷனிலிருந்து நேரடியாகக் கம்பிக்குக் கரண்ட் கொடுத்துவிடுகிறார்கள். அது சட்டவிரோதம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் மட்டும் தாயில்லாமல் மிஞ்சின. அந்தக் கம்பிக்கு யானைக்கும் மனிதருக்கும் வித்தியாசம் தெரியாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மிதித்தாலும் அதே கதிதான். அந்த ஆண்டே மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கும் ஒழுங்குபடுத்துவதற்கும் தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது.

வனவிலங்கு தாக்கி ஒருவர் இறந்தால் குடும்பத்துக்கான இழப்பீட்டை மத்திய அரசு 2023 டிசம்பரில் 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. தொகை கூடியதில் தப்பில்லை. அதை வாங்க வேண்டிய நிலைமை வராமல் இருக்கத்தான் இத்தனை கேமராவும் விளக்கும்.

மேட்டுப்பாளையத்துக்கு எது ஒத்துவரும்?

மதுக்கரைச் செலவைக் கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய். தண்டவாளம் ஒரு கோடு மாதிரி, கோபுரங்களை வரிசையாக நட்டுவிடலாம். மேட்டுப்பாளையத்தில் காட்டின் ஓரம் கல்லாறு, ஓடந்துறை, தேக்கம்பட்டி, சிறுமுகை, பெத்திக்குட்டை என்று வளைந்து நெளிந்து போகிறது. எல்லா இடத்திலும் கோபுரம் நடுவது நடக்காத காரியம்.

இன்னொரு சிக்கல் பாக்குத் தோப்பு. தெர்மல் கேமரா சுவரை ஊடுருவாது, அடர்ந்த இலையையும் ஊடுருவாது. தோப்புக்குள் யானை நுழைந்துவிட்டால் கோபுரத்துக் கேமராவுக்கும் நமக்கும் ஒரே நிலைமைதான். மலைச்சரிவில் கனத்த பனி இறங்கும் நாள்களிலும் தெளிவு குறையும். மாட்டைப் பார்த்துவிட்டு யானை என்று நாலு தடவை செய்தி அனுப்பினால், ஐந்தாவது தடவை உண்மையிலேயே யானை வரும்போது யாரும் போனை எடுத்துப் பார்க்க மாட்டார்கள். இந்த ஏற்பாடு தோற்றுப்போக அது ஒன்றே போதும்.

ஆகவே இரண்டையும் கலப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். ஊட்டி ரோட்டை யானைகள் வழக்கமாகத் தாண்டும் இடங்களிலும், ஆற்றில் இறங்கும் துறைகளிலும் கேமரா. ரோட்டில் அதோடு இணைந்த சிவப்பு விளக்கு, டூரிஸ்ட் வண்டிகள் அங்கேயே வேகத்தைக் குறைப்பதற்கு. சீசனில் யானையைப் பார்த்ததும் காரை ஓரங்கட்டி செல்ஃபி எடுக்க இறங்குகிறவர்களுக்கு எந்தக் கண்டுபிடிப்பும் இன்னும் வரவில்லை, அபராதம்தான் இருக்கிறது. கேமரா எட்டாத தோட்டங்களுக்கு வால்பாறை மாதிரி மிஸ்டு கால் விளக்கு, குரல் அழைப்பு, உள்ளூர் கேபிளில் ஓடும் வரி. விளக்கை எரிய வைக்கும் பொறுப்பு அந்தந்த ஊரில் நாலு பேரிடம். ராத்திரி எழுந்து பார்க்கிறவர்களாக, எண்ணை மாற்றினால் வனத்துறையிடம் சொல்லிவிடுகிறவர்களாக அவர்கள் இருக்க வேண்டும்.